இரவு வானில் நகரும் விளக்குகள்: கரையிலிருந்து படிக்கும் முறை

மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை நீளும் கரையில் இரவில் நிற்பவரின் கண்ணில் படும் விளக்குகள் பல வகை. கடலில் விசைப்படகுகளின் விளக்குகளும் வலை மிதவைகளில் சிமிட்டும் சிறு விளக்குகளும் தெரியும். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரத்தின் சிவப்பு விளக்குகள் தெரியும். உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளத்தின் டோர்னியர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தாழப் பறக்கும்; அவற்றுக்கும் மேலே கொழும்புக்குப் போகும் பயணிகள் விமானங்கள் கடக்கும். இந்த விளக்குகளில் விமானத்தினுடையதைப் பற்றி மட்டும் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. லாரியின் முகப்பு விளக்கைப் போல அது வழியைப் பார்க்க எரிகிறது என்று நினைக்கிறோம். முப்பதாயிரம் அடி உயரத்தில் எந்த வழியை வெளிச்சம் போட்டுப் பார்ப்பது? அங்கே சாலையும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனாலும் விளக்குகள் விடியும்வரை எரிகின்றன. விமானத்தின் வெளிவிளக்குகளில் பெரும்பாலானவை உள்ளே இருப்பவருக்காக எரிவதில்லை. வெளியே இருப்பவர் விமானத்தைக் காணவும், அது எந்தப் பக்கம் போகிறது என்று அறியவும் எரிகின்றன. இதுவே இந்த அத்தியாயத்தின் வாதம். வாதம் சரியென்றால், கருவி எதுவும் கையில் இல்லாத மீனவரும் அந்த விளக்குகளைப் படிக்க முடியும். படிக்கத் தெரிந்திருப்பது அவருடைய உயிர்ப் பாதுகாப்புக்கும் உதவும்.

கடலில் பிறந்த முறை

முதல் சான்று வரலாற்றில் இருக்கிறது. விமானத்தின் விளக்கு முறை விமானத்துக்காக உருவானதல்ல. பாய்க்கப்பல் காற்றைப் பார்த்து ஓடியது. நீராவிக் கப்பல் எந்தப் பக்கமும் திரும்பி ஓடியது. எதிரே வரும் நீராவிக் கப்பல் எங்கே போகிறது என்று இருட்டில் கணிக்க முடியாமல் மோதல்கள் நேர்ந்தன. 1848இல் பிரிட்டிஷ் கடற்படைத் துறை, நீராவிக் கப்பலின் இடப்புறத்தில் சிவப்பும் வலப்புறத்தில் பச்சையும் எரிய வேண்டும் என்று விதித்தது. பிறகு அதுவே உலகக் கடல்களின் பொது விதியானது. 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே போட் மெயில் ரயிலின் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களும் இதே விதிக்கு உட்பட்டு ஓடியவைதான். 1919இல் பாரிசில் கூடிய நாடுகள் வான்போக்குவரத்துக்கென முதல் பன்னாட்டு ஒப்பந்தத்தை எழுதியபோது, புதிதாக ஒன்றைத் தேடாமல் இந்தக் கடல் முறையையே எடுத்துக்கொண்டன. 1944இல் சிகாகோவில் உருவான உடன்படிக்கையின் கீழ் வந்த இன்றைய விதிகளும் அதையே பின்பற்றுகின்றன. கப்பலின் பக்க விளக்குகள் எந்தக் கடலடியையும் காட்டியதில்லை. எதிரே வருகிற மாலுமிக்குச் செய்தி சொல்வது ஒன்றே அவற்றின் வேலை. வானத்துக்குப் போனபோதும் அந்த வேலை மாறவில்லை.

இரண்டாவது சான்று விளக்குகளின் அமைப்பில் இருக்கிறது. விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது இறக்கை நுனியில் பச்சை, பின்புறத்தில் வெள்ளை. சிவப்பும் பச்சையும் நேர்முன்பக்கத்திலிருந்து தத்தம் பக்கமாக 110 பாகை வரை மட்டுமே தெரியும்படி மறைக்கப்பட்டிருக்கும். மிச்சமுள்ள 140 பாகை வெள்ளைக்கு. மூன்றும் சேர்ந்தால் முழு வட்டமான 360. வெளிச்சம் பரப்புவதுதான் நோக்கமென்றால் விளக்கை ஏன் இப்படிப் பங்கு போட்டு மறைக்க வேண்டும்? பார்ப்பவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறாரோ அதற்கேற்ற நிறம் மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். பின்னாலிருந்து முந்த வரும் விமானத்துக்கு வான்விதிகள் தரும் விளக்கமே இதை உறுதி செய்கிறது. முன்னே போகும் விமானத்தின் சிவப்பும் பச்சையும் இரவில் கண்ணுக்குத் தெரியாத கோணத்திலிருந்து வருவதுதான் முந்தும் விமானம். அப்படி வருவதே வலப்புறம் விலகிப் போக வேண்டும். யார் விலக வேண்டும் என்ற சட்டமே விளக்கின் கோணத்தைக் கொண்டு எழுதப்பட்டிருக்கிறது.

நிறங்களும் தற்செயலாக அமைந்தவை அல்ல என்பதை ஒரே ஒரு விதியை வைத்துச் சரிபார்க்கலாம். இரண்டு விமானங்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் குறுக்கே சந்திக்கும்போது, தன் வலப்புறத்தில் மற்றொன்றைக் காண்பதே வழிவிட வேண்டும். எந்திரப் படகுகளுக்கும் கடலில் இதே விதி. வலப்புறத்திலிருந்து குறுக்கே வருவதன் எந்த விளாப்பக்கம் நமக்குத் தெரியும்? இடப்பக்கம். அங்கே எரிவது சிவப்பு. ஆக, வழிவிட வேண்டியவருக்குச் சிவப்பு தெரிகிறது. முன்னுரிமை உள்ளவருக்கு எதிராளியின் பச்சை தெரிகிறது. நேருக்கு நேர் வந்தால் இரண்டு நிறமும் சேர்ந்து தெரியும். அப்போது இருவரும் வலப்புறம் ஒதுங்க வேண்டும். பேச்சும் வயர்லெஸ்ஸும் இல்லாமலே யார் என்ன செய்ய வேண்டும் என்பதை நிறங்கள் சொல்லிவிடுகின்றன. சுக்கான் பிடித்துப் பழகியவர் வானத்து விளக்கைப் படிக்கப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை.

பார்க்கப் பழகும் வரிசை

பழகுவதற்குப் பாம்பன் பாலம் நல்ல இடம். வடகடலை, அதாவது பாக் விரிகுடாவைப் பார்த்து நின்றால், இடக்கைப் பக்கம் மேற்கு: மண்டபமும் அதற்கப்பால் உச்சிப்புளியும். வலக்கைப் பக்கம் கிழக்கு: ராமேஸ்வரமும் அதற்கப்பால் இலங்கைக் கரையும். ஒரு விமானத்தின் சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம் நம்மை நோக்கியிருக்கிறது. ஆகவே அது நமக்கு இடப்புறமாக, உச்சிப்புளித் திசையில் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலப்புறமாக, கிழக்கே போகிறது. திரும்பித் தென்கடலைப் பார்த்து நின்றால் திசைகள் மாறும். சிவப்பு இடது, பச்சை வலது என்ற கணக்கு மாறாது. வலப்புறத்தில் சிவப்பும் இடப்புறத்தில் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் விமானம் நம்மை நோக்கி வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் நம்மைவிட்டு விலகிப் போகிறது. தொடுவானத்தை ஒட்டித் தெரியும் விளக்கில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இழுவலை இழுக்கும் படகு பச்சைக்குக் கீழே வெள்ளையும், மற்ற முறையில் மீன்பிடிக்கும் படகு சிவப்புக்குக் கீழே வெள்ளையும் காட்ட வேண்டும் என்பது கடல் விதி. ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும் இந்த நிறங்களை விமானத்தின் பக்க விளக்காக எண்ணிக்கொள்ளக் கூடாது.

நிறம் பிடிபடாத தொலைவில் சிமிட்டல்தான் துணை. விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பாக விட்டு விட்டு எரிவது பீக்கன். இறக்கை நுனிகளில் பளீரென்று வெள்ளையாக வெட்டுவது ஸ்ட்ரோப். மோதல் தடுப்பு விளக்குகள் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை வெட்ட வேண்டும் என்பது பெரிய விமானங்களுக்கான வடிவமைப்பு அளவு. இவை சிமிட்டுவதற்குக் காரணம் மனிதக் கண். இருட்டில் நேராக உற்றுப் பார்க்கும் இடத்தைவிடக் கடைக்கண் மங்கலான ஒளியை நன்றாக உணரும். அங்கே ஏற்படும் மாற்றத்தை உடனே பிடித்துவிடும். அதிலும் மோதும் பாதையில் வரும் பொருள் பார்வையில் இடம் மாறாமல் அதே புள்ளியில் நின்று பெரிதாகிக்கொண்டே வரும். நகராத பொருளைக் கண் எளிதில் கவனிக்காது. சிமிட்டல் அந்தக் குறையை ஈடு செய்கிறது. தரையில் நிற்கும்போது பீக்கனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சின் ஓடப்போகிறது, அல்லது ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் வராதே என்று தரைப் பணியாளருக்கு எச்சரிப்பது அது. இந்தச் சிமிட்டலை வைத்தே வானத்தின் மற்ற ஒளிகளையும் பிரிக்கலாம். வெள்ளியும் வியாழனும் சிமிட்டாமல் நிலையாக ஒளிரும். செயற்கைக்கோள் நிறமின்றிச் சீராக நகர்ந்து சில நிமிடங்களில் மறையும். கோபுர விளக்கு இடம் பெயராது. விட்டு விட்டு வெட்டிக்கொண்டே இடம் பெயர்வதுதான் விமானம்.

மீதமுள்ளவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். தரையிறங்கும்போது எரியும் லேண்டிங் லைட், ஓடுபாதைக்குப் போய்வர உதவும் டாக்ஸி லைட், இறக்கையில் பனி படிந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் ஆய்வு விளக்கு, வாலில் உள்ள நிறுவனச் சின்னத்தின் மேல் விழும் விளக்கு ஆகியவை இவை. நம்மை நேராக நோக்கி வரும் விமானத்தின் லேண்டிங் லைட் வெகுநேரம் அசையாத பெரிய நட்சத்திரம் போலத் தோன்றும். அசையவில்லை என்பதாலேயே அது தொலைவில் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு இந்த லேண்டிங் லைட்டிலிருந்தே வரும். அது விமானி பார்ப்பதற்காகத்தானே எரிகிறது? ஆம், அதுவும் டாக்ஸி லைட்டும் ஆய்வு விளக்கும் விமானத்தில் இருப்பவருக்கே பயன்படுகின்றன. அதனால்தான் ‘பெரும்பாலானவை’ என்று தொடக்கத்தில் வரையறுத்தேன். ஆனால் பயணிகள் விமானங்கள் பலவற்றிலும் 10,000 அடிக்குக் கீழே வந்ததும், பகல் வெளிச்சத்திலும்கூட, லேண்டிங் லைட்டைப் போட்டுவிடுவது வழக்கம். பகலில் பத்தாயிரம் அடியில் அது எந்த ஓடுபாதையையும் காட்டப்போவதில்லை. சிறு விமானங்கள் கூடும் தாழ்ந்த உயரங்களில் தன்னைப் பிறர் காண வேண்டும் என்பதே காரணம். வழி காட்டுவதற்கென்றே செய்த விளக்குகூட, எரியும் நேரத்தின் பெரும்பகுதியில், பிறர் காண்பதற்கு உதவுகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ரேடாரும் மோதல் தவிர்ப்புக் கருவியும் வந்துவிட்ட காலத்தில் விளக்கு வெறும் சம்பிரதாயம் அல்லவா? விளக்கின் எல்லையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால் நொடிக்கு 500 மீட்டர் நெருங்குகின்றன. ஒன்றைக் கண்டு, புரிந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்ப விமானிக்கு ஏறத்தாழ 12 நொடி ஆகும் என்பது வான்பாதுகாப்புத் துறையில் புழங்கும் கணக்கு. அதற்குள் 6 கிலோமீட்டர் கரைந்துபோகும். மேகத்துக்குள் இருந்தால் அந்த வாய்ப்பும் கிடையாது. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சார்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி போயிங் 747ம் கஜகஸ்தானின் இல்யூஷின் 76ம் மோதி 349 பேர் இறந்தனர். அந்தத் துயரத்துக்குப் பிறகே இந்திய வானில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. ஆகவே உயரத்தில் வேகமாகப் போகும் விமானங்களுக்கு விளக்கு மட்டும் போதாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. எதிரே வருவதிலும் டிரான்ஸ்பாண்டர் என்ற வானொலிக் கருவி இருந்து அது பதில் தந்தால்தான் கருவிக்கு அது தெரியும். தரையை நெருங்கி ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே வந்தால் ஏறு, இறங்கு என்ற கட்டளைகளை அது நிறுத்திவிடும். ராமநாதபுரக் கரையின் நிலைமையை இதோடு பொருத்திப் பாருங்கள். இங்கே ரோந்து விமானங்களும் ஹெலிகாப்டர்களும் கடலை ஒட்டித் தாழப் பறக்கின்றன. கீழே இருக்கும் நாட்டுப்படகிலும் மணல்திட்டில் நிற்கும் மனிதரிடமும் டிரான்ஸ்பாண்டர் இல்லை. கருவிக்கு எட்டாத இந்த அடுக்கில் கண்ணும் விளக்கும்தான் மிஞ்சுகின்றன. ஒன்று வந்ததால் மற்றொன்று வீணாகவில்லை. இரண்டும் வெவ்வேறு உயரங்களைக் காக்கின்றன.

மூன்றாவது மறுப்பு, விளக்கே தொல்லையாவதைப் பற்றியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகத்துக்குள் நுழைந்த விமானத்தின் ஸ்ட்ரோப் வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி விமானியின் கண்ணையே கூசச் செய்யும். இதை விதிகளே ஏற்றுக்கொள்கின்றன. விமானியின் பணிக்கு இடையூறாக இருந்தாலோ வெளியே இருப்பவரின் கண்ணைக் கெடுக்கும் அளவுக்குக் கூசினாலோ, சிமிட்டும் விளக்கை அணைக்கவோ குறைக்கவோ விமானிக்கு உரிமை உண்டு. வெளியே இருப்பவரின் கண்ணுக்கும் விதியில் இடம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கு யாருக்காக எரிகிறதோ அவரையே அது துன்புறுத்தக் கூடாது என்பதுதான் அதன் பொருள். ஆகவே இந்த விதிவிலக்கு நம் வாதத்தை மறுக்கவில்லை, உறுதி செய்கிறது.

நான்காவது மறுப்பு இந்தக் கரைக்கே உரியது. உச்சிப்புளியில் இருப்பது படைத்தளம்; ஆளில்லா விமானங்களும் அங்கிருந்து இயங்குகின்றன. ராணுவ விமானம் தேவைப்பட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கலாமே, பிறகு இந்தப் படிப்பால் என்ன பயன்? விளக்கு பிறருக்குச் செய்தி சொல்கிறது என்பதாலேயே, தன்னைப் பிறர் காணக்கூடாது என்று நினைக்கும்போது விமானம் முதலில் அணைப்பது விளக்கை. இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் எடுத்துக்கொள்ளலாம். விளக்கு தெரிந்தால் அது சொல்வதை நம்பலாம். விளக்கு தெரியாததால் வானம் காலியாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. திருமண வீடியோவுக்கோ சுற்றுலாப் படத்துக்கோ இந்தக் கரையில் ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் இதை மனதில் நிறுத்த வேண்டும். முறையான அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, விளக்கில்லாமல் தாழ வரும் ஹெலிகாப்டருக்கு ஆபத்தும் ஆகும்.

ஆபத்து நேரத்தில் விளக்கு சொல்லும் பதில்

விளக்கைப் படிக்கத் தெரிந்ததன் முழுப் பயன் எஞ்சின் பழுதாகிப் படகு நடுக்கடலில் நிற்கும் இரவில் தெரியும். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. மண்டபத்திலேயே அவர்களுடைய நிலையம் இருக்கிறது. தேடி வரும் விமானத்தை முதலில் அதன் சிமிட்டலைக் கொண்டு கண்டுகொள்ளுங்கள். பிறகு நிறத்தைப் பாருங்கள். வெள்ளை மட்டும் தெரிந்தால் அது விலகிப் போகிறது. அந்த நேரத்தில் சிவப்புத் தீச்சுடரைக் கொளுத்தினால் பார்க்க ஆள் இருக்காது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரியும்போது கொளுத்தினால் விமானியின் பார்வை உங்கள் பக்கம் இருக்கும். கையிருப்பில் இரண்டோ மூன்றோ சுடர்தான் என்ற நிலையில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. டார்ச்சை அசைத்துக் காட்டலாம். லேசர் விளக்கை மட்டும் விமானத்தை நோக்கிப் பிடிக்கவே கூடாது. உதவ வந்தவரின் பார்வையையே அது பறித்துவிடும்.

உங்கள் அடையாளம் புரிந்துவிட்டது என்பதை விமானம் சொல்லும் முறையையும் பன்னாட்டுத் தேடல் மீட்பு விதிகள் வகுத்திருக்கின்றன. பகலில் இறக்கைகளை ஆட்டிக் காட்டும். இரவில் லேண்டிங் லைட்டை இரண்டு முறை போட்டு அணைக்கும். அது இல்லாத விமானம் பக்க விளக்குகளை இரண்டு முறை போட்டு அணைக்கும். இந்தப் பதில் வராவிட்டால் உங்கள் அடையாளம் புரியவில்லை என்று கொண்டு மீண்டும் காட்ட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் படகை ஒரு விமானம் சுற்றி வந்து, அணியத்துக்கு முன்னால் தாழ்வாகக் குறுக்கே கடந்து, ஒரு திசை நோக்கிப் போனால், அந்தத் திசையில் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள், உன் படகைத் திருப்பி வா என்று அது அழைக்கிறது. வயர்லெஸ் இல்லாத வள்ளத்துக்கும் இந்த அழைப்பு எட்டும்.

இதுவரை சொன்னதை ஏற்றுக்கொள்பவர் தன் படகைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கும். விளக்கு பிறர் காண்பதற்காக எரிவது என்றால், பேட்டரி மிச்சமாகட்டும் என்று படகின் விளக்கை அணைத்து வைப்பவர் தன் செலவைக் குறைத்துக்கொள்ளவில்லை. அதைப் பிறர் தலையில் ஏற்றுகிறார். நிலா வெளிச்சத்தில் தனக்கு எல்லாம் தெரிகிறது என்பது காரணமாகாது. தன் படகு பிறருக்குத் தெரிகிறதா என்பதே கேள்வி. 12 மீட்டருக்குக் குறைவான எந்திரப் படகுக்குச் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளும் போதும். 7 மீட்டருக்குக் குறைவாகவும் 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடாததாகவும் உள்ள சிறு படகுக்கு அந்த வெள்ளை விளக்கே குறைந்தபட்சம். முடிந்தால் பக்க விளக்குகளையும் வைக்க வேண்டும். கடலுக்குப் போகும் முன் டீசலையும் ஐஸையும் சரிபார்க்கும் நேரத்திலேயே இந்த விளக்குகளையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிவப்பு இடப்புறத்திலும் பச்சை வலப்புறத்திலும் இருக்கிறதா, மாற்றி இணைத்துவிட்டார்களா என்று கவனியுங்கள். மாறி எரியும் விளக்கு எதிரே வருபவருக்குப் பொய் சொல்கிறது. அதற்கு விளக்கில்லாத படகே மேல். படகில் போகும் எல்லோருக்கும் இந்த அத்தியாயத்தின் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். சுக்கான் பிடிப்பவர் கண்ணயர்ந்த நேரத்தில் வானத்தையும் கடலையும் படிக்க இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.